இருநூற்று ஐம்பத்தாறு பேரும் ஒரு குப்பி மீனும்

3 அக்டோபர் 2016, திங்கள்

காலையில் சாரல். கரையில் சாளை மீன் மட்டும்தான். ஒரு அலுமினியச் சருவம் நிறைய எடுத்துக்கொண்டு புதுக்கடைச் சந்தைக்கு.

வெட்கக்கேட்டை முதலில் எழுதி முடித்துவிடுகிறேன். நேற்று நான் போட்டி போட்டு விலை கேட்ட மீன் செத்து நாற்பது வருஷம் ஆகிறது.

நடந்தது இது. போன மாசம் ஊரே இலவச சிம்முக்கு வரிசையில் நின்றபோது நானும் நின்றேன். மிஷினில் பெருவிரலை வைக்கச் சொன்னான் கடைக்காரன். ரேகை விழவில்லை. இருபத்தாறு வருஷம் மீன் செதிலில் உரசித் தேய்ந்த விரல். ஒவ்வொன்றாகப் பத்தையும் வைத்துப் பார்த்து, கடைசியில் இடது மோதிரவிரல் ஒன்று மட்டும் நான்தான் பிரகாசி என்று ஒப்புக்கொண்டது. மற்ற ஒன்பதும் எந்த வீட்டு விரலோ.

மகள் ஜெனி திருச்சியில் நர்ஸ். அவளுடைய பழைய போன் எனக்கு. ஒரு குரூப்பிலும் சேர்த்துவிட்டாள். பேர் 'மீன் அறிவோம்'. நீ எப்பவும் மீனோடுதான் கிடக்கிறாய், அங்கே போய்ப் பேசு, என்னைக் கொஞ்சம் விடு என்றாள். பெற்ற தாயிடம்.

நேற்று ஞாயிறு. எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்து வந்து போனைத் திறந்தேன். ஒரு மீன் படம். பலகையில் ஒரு பக்கமாகக் கிடத்தி, தலை இடது பக்கம், வால் வலது பக்கம். கூடவே எழுத்து ஒன்றும் இல்லை. எங்கள் கரையில் ஒருவர் மீனை அப்படிக் கிடத்திவிட்டு வாய் திறக்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்தால் அர்த்தம் ஒன்றுதான். ஏலம். 250 என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எல்லோரும் யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு 260. யாரென்று பார்த்தால் ரெஞ்சிதம். சந்தையில் என் சருவத்துக்குப் பக்கத்துச் சருவம் அவளுடையது. பத்தொன்பது வருஷமாக ஒரே ஆட்டோவில் போய் வருகிறோம். விட்டுக் கொடுக்க முடியுமா. 270. அவள் 300. நான் 320. நடுவில் குளச்சல்காரி ஒருத்தி 400 என்று நுழைந்தாள். நான் 410.

அப்போது குரூப்பை நடத்துகிற தாணு சார் எழுதினார். "அம்மா, இது விற்பனைக்கு அல்ல. கல்லூரியில் குப்பிக்குள் மருந்துத் தண்ணீரில் வைத்திருக்கும் மீன். படம் எடுக்க வெளியே எடுத்தேன். பிடித்த வருஷம் 1976."

வீட்டுக்காரர் சூசை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், ஊசியைக் கீழே போட்டுச் சிரித்தார். மத்தியானம் சோறு வைத்தபோது கேட்கிறார், "கறி குப்பிக்குள்ளதான் இருக்கா, தொறந்தாச்சா?"

4 அக்., செவ்வாய்

வெயில். சருவத்தின் அடியில் சின்ன ஓட்டை. அடைக்கக் கொடுக்கணும்.

இனிமேல் தாணு சார் = தா.சார். ரெஞ்சிதம் = ரெ. நாலாம் கிளாஸோடு நின்ற கை, சீக்கிரம் வலிக்கிறது.

குரூப் கதையை இன்று தா.சாரே எனக்கு எழுதினார். அவர் நாகர்கோவில் பக்கம், வயல்காட்டு ஊர்க்காரர். காலேஜில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஈமெயிலில் தொடங்கி, பிறகு போனுக்கு வந்த குரூப். அப்போது மொத்தம் நாற்பத்துமூன்று பேர், எல்லாம் படித்தவர்கள். ஒரு மீன் படம் போட்டால் ஒரு வாரம் அதைப் பார்ப்பார்களாம். முள் எண்ணுவார்களாம்.

சட்டங்களும் அனுப்பினார். பார்த்து எழுதுகிறேன்.

1. மீனை ஒரு பக்கமாகக் கிடத்திப் படம் எடுக்கவும். (இதனால்தான் நான் ஏமாந்தேன். தப்பு என்னுடையது இல்லை.)
2. பதில் லத்தீன் பேரில் மட்டும்.
3. காலை வணக்கம், பூப்படம், சாமிப்படம் கூடாது. (பதினாறு நாளாகத் தினமும் ரோஜாப்பூ போட்டிருக்கிறேன். யாரும் பதில் போடாததை மரியாதை என்று நினைத்திருந்தேன்.)
4. சமையல் பேச்சு கூடாது.
5. குரல் பதிவு கூடாது.
6. தெரியாவிட்டால் மௌனம். (எழுதினவர் எங்கள் சந்தையைப் பார்த்ததில்லை.)

போன மாசம் சிம் வந்தது, சனமும் வந்தது. குரூப்பில் 256 பேருக்குத்தான் இடம். அது நிறைந்து ஒரு வாரம். எங்கள் கரையிலிருந்து மட்டும் முப்பத்தொரு பேர். எல்லாம் நான் சொல்லி ஏறினவர்கள். இன்னும் சந்தையில் என்னிடம் இடம் கேட்கிறார்கள், நான் ஏதோ பஸ் கண்டக்டர் மாதிரி.

இன்று வந்தவை:
– சூரை. ஐந்து ஊரிலிருந்து ஐந்து படம். கண்ணை மூடினால் எல்லாம் ஒரே சூரை.
– நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஒரு சமையல்காரர். பறந்து வந்து தட்டில் விழுந்த மீன். தட்டோடு படம்.
– ரோஜாப்பூ பதினொன்று. ரெ. மட்டும் மூன்று. காலை வணக்கத்தை எண்ணவில்லை.
– தேங்காய்ப்பட்டணத்து அக்காவின் குரல், மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் காக்கை.
– நெய்மீன் ஒன்று.

அந்த நெய்மீனில்தான் பத்து மணிக்கு மேல் அடிபிடி. நான் நெய்மீன் என்றேன். சென்னைக்காரர் வஞ்சிரம் என்றார். தூத்துக்குடிப் பெண் சீலா என்றாள். கடல் தாண்டி மன்னாரிலிருந்து ஒரு தங்கச்சி அறக்குளா என்றாள். நாலு பேரும் விடவில்லை. கடைசியில் நாலு பேரும் அவரவர் கரையில் கிடந்த மீனைப் படம் எடுத்துப் போட்டோம். பார்த்தால் ஒன்று. ஒரே உடம்புக்கு நாலு ஞானஸ்நானம். நாற்பத்தெட்டு வயசு எனக்கு. நான் விற்கிற மீன் அடுத்த கரைக்குப் போனதும் வேறு பேரில் நீந்துகிறது என்று இன்றுதான் தெரியும். சருவத்தில் கிடந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாங்க வந்தவர் பழசோ என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ரெ. குரல் அனுப்பினாள். "ஸாரே, இத பொரிச்சா நல்லதா, கறி வச்சா நல்லதா? ஒரு வார்த்த சொல்லுங்க." தா.சார் பதில்: "எனக்குத் தெரியாது அம்மா. நாங்கள் சைவம். மீன் சாப்பிட்டதில்லை."

ஆயுசு முழுவதும் மீன் பாடம் எடுத்த மனிதர். பிறகு வந்தது பார், எண்ண முடியவில்லை. பாதிப் பேர் துக்க வீட்டுக்குச் சொல்கிற மாதிரி ஆறுதல் சொன்னார்கள். நான் போட்டது: "அது போட்டும் ஸாரே. எங்க கோயில் பங்குச் சாமியாரு எத்தற கல்யாணம் நடத்தி வைக்காரு." தா.சார் ஒரு சிரிப்பு முகம் போட்டார். ஆறு வருஷத்தில் அவர் போட்ட முதல் சிரிப்பு முகம் அது என்று பழைய ஆள் ஒருவர் எழுதினார். அதில் சந்தோஷம் இருந்ததா, சங்கடம் இருந்ததா, தெரியவில்லை.

5 அக்., புதன்

மூட்டம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

சங்கடம்தான். காலையில் பெங்களூர் ராகவன் என்பவர் பெரிய கடிதம் போட்டிருக்கிறார். பழைய நாற்பத்துமூன்றில் ஒருவர். மீன் படம் வரைகிறவர். மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

சாராம்சம்: நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் முந்நூறுக்கு மேல் செய்தி. அதில் மீனைப் பற்றியது ஒன்பது. கன்னியாகுமரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு மாணவி மூன்று வாரமாக இடம் கேட்டு நிற்கிறாள், இடமில்லை. இது குரூப் இல்லை, சந்தை. ஆகவே செப்டம்பர் ஒன்றுக்குப் பிறகு சேர்ந்த அனைவரையும் நீக்க வேண்டும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஓட்டு. பழையவர்களுக்கு மட்டும் ஓட்டு. தா.சார் அதன் கீழே ஒரே வார்த்தை போட்டிருந்தார். சரி.

சந்தை என்று திட்டினாரா, உள்ளதைச் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை. நேற்றுக் காலைச் செய்திகளை நானும் எண்ணினேன். மீனைப் பற்றியது ஒன்பதுதான். அந்த ஒன்பதில் என்னுடையது இல்லை. என்னுடையது ரோஜா.

நீக்கினால் நீக்கட்டும், சோறு வேகாமலா போகும் என்று ரெ.யிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து சருவம் கழுவும்போது கழுவவே தோன்றவில்லை. ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு படத்தில் தா.சார், புதிதாக வந்த எங்களுக்காகத் தமிழில், நெய்ச்சாளை என்று போட்டிருந்தார். நான், இல்லை ஸாரே, அது சூடை என்றேன். இருபத்தாறு வருஷமாக என்னிடம் என்ன மீன் என்று கேட்டிருக்கிறார்கள், என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள், ஐஸ் போட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கேட்டது, "எப்படித் தெரியும் அம்மா?" தெரியும், அவ்வளவுதான். பிறகு சருவத்தில் கையை விட்டுப் பார்த்துச் சொன்னேன். வயிற்றடியில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கம் ஓட்டினால் சூடை அறுக்கும், நெய்ச்சாளை அவ்வளவு அறுக்காது. இதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. அவர் நன்றி என்று எழுதி, என் பேரையும் போட்டார். பிரகாசி அம்மா என்று.

அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமையோடு அது போகும்.

6 அக்., வியாழன்

மழை. சந்தையில் குடை மூன்று பேருக்கு ஒன்று.

திட்டம் போட்டேன். ஞாயிறு வரை எங்கள் முப்பத்தொரு பேரும் குரூப்பில் வாய் திறக்கக் கூடாது. பூ இல்லை, குரல் இல்லை, விலை இல்லை. நாங்களும் அடங்கி இருப்போம் என்று பழையவர்கள் பார்க்கட்டும். குளச்சல், தூத்துக்குடி, மன்னார்த் தங்கச்சி, கப்பல் சமையல்காரர், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லியாயிற்று.

ரெ. ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, பேசாம கெடந்தா செத்துட்டோம்னுல்லா நினைப்பாவ."

"மூணு நாளு செத்துக் கெட. ஞாயித்துக்கெழம உயிர்த்து வா."

"சிலுவ யாரு சொமப்பா? நீயா?"

மீன் வாங்க வந்த டீச்சர் சிரித்துவிட்டு வேதத்தில் விளையாடாதீங்க என்றார். அவருக்கு இரண்டு அயலை கூடுதல்.

வாய் மூடுவது சாதாரணமில்லை. சந்தையில் ஒரு கூறு மீனுக்கு ஊரைக் கூட்டுகிறவர்கள் நாங்கள். ரெ. போனை மடியில் வைத்துக்கொண்டு, பூப்படத்தை எடுப்பாள், என்னைப் பார்ப்பாள், வைப்பாள். நோன்பு காலத்தில்கூட அவள் இவ்வளவு ஒறுத்ததில்லை.

7 அக்., வெள்ளி

வெளிவாங்கிய வானம். கடல் பச்சை. அயலை நிறைய.

காலையிலிருந்து குரூப்பில் ஏழே செய்தி. ஏழும் பழையவர்கள். ஒரு முள், அதற்கு ஒரு லத்தீன் பேர், அரை மணி கழித்து ஒரு சந்தேகம். ஆள் இல்லாத கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மெதுவாக நடக்கத் தோன்றியது.

எட்டு மணிக்கு ராகவன் ஒரு படம் போட்டார். அவர் பென்சிலால் வரைந்தது. ஒரே ஒரு செதில். மீன் இல்லை, செதில் மட்டும், கை அகலத்துக்கு. அதில் வட்டம் வட்டமாக ரேகை. மரத்தை அறுத்தால் தெரியுமே, அதைப்போல. அந்த வட்டங்களை எண்ணி மீனுக்கு வயசு சொல்லலாமாம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் செதில் உரிக்கிறேன், வழித்து மண்ணில் போடுகிறேன். என் விரலைத் தேய்த்து ரேகையைத் தின்றது இது. இதற்கென்று ஒரு ரேகை வைத்திருக்கிறது. நான் கூவுவதை மறந்து அந்தப் படத்தையே பார்த்திருந்தேன். இவர் எங்களை வேண்டாம் என்கிறார். இப்போது ஏன் என்று கொஞ்சம் புரிகிறது. இது போடுகிற இடத்தில் நான் ரோஜா போட்டிருக்கிறேன்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தா.சார். குரலை முதல் தடவை கேட்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றுவிட்டேன்.

முதலில் கேட்டது இது. "அம்மா, ஒங்க கரையில எல்லாரும் நல்லா இருக்கியளா? கடலுக்குப் போனவங்கல்லாம் கரை சேந்தாச்சா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. முப்பத்தொரு மீன்காரிகள் ஒரே நேரத்தில் பேசாமல் போனால் கரையில் என்ன நடந்திருக்கும் என்று வயல்காட்டுக்காரர் இரண்டு நாளாகப் பயந்திருக்கிறார். செய்தித்தாளை வேறு புரட்டியிருக்கிறார். அடங்கி இருந்து காட்டுகிறோம் ஸாரே என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு மட்டும்.

பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொரு சந்தேகம். தப்பா நினைச்சிராதிய. அந்தக் குப்பி மீனுக்கு நானூத்திப் பத்து வர கேட்டிய. என்ன மீனுன்னு தெரியாம விலை கேப்பியளா?"

"தெரியாத மீனுக்கு விலை கேக்க எங்களுக்கு என்ன கிறுக்கா ஸாரே?"

"அப்ப தெரியும்."

"பின்ன தெரியாதா. குருட்டுக் கலவா."

போனுக்குள் காகிதம் புரளுகிறது. எழுதுகிறார் போல. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மற்ற கலவாவுக்கு வால் உருண்டு இருக்கும், இதற்கு நேராக வெட்டின வால், கண் சின்னது, ஆழத்துப் பாறையில் கிடக்கும், வலையில் ஏறாது, தூண்டிலில்தான் வரும். நிறம் போன பிறகும் வால் போகாதே.

அப்புறம் அவர் சொன்னார். குப்பியில் ஒட்டின சீட்டில் லத்தீன் பேரும் வருஷமும்தான் மிச்சமாம். கரையில் மீனைக் கூப்பிடுகிற ஊர்ப்பேரை மருந்துத் தண்ணீர் தின்றுவிட்டது. பேர் இல்லாமல் எந்தக் கரையில் போய் எதைக் கேட்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால் குரூப்பில் கேட்டார். நாற்பத்துமூன்று பேரும் ஆறாம் சட்டப்படி மௌனம். அந்த மீன் இந்தப் பக்கத்தில் இப்போது இல்லை என்றே எழுதியும் வைத்துவிட்டாராம்.

"போன மாசங்கூட வந்துது ஸாரே. ரெஞ்சிதத்துக்க கொழுந்தன் தூண்டில்ல ரெண்டெண்ணம்."

போன மாசமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்றுப் பொறுத்து, போன மாசமா என்று இன்னொரு தடவை கேட்டார். அதற்குள் அயலைக்காக நின்ற பெண் பொறுமை இழந்து, மீனு தருவியா இல்ல நானே எடுத்துட்டுப் போட்டுமா என்றாள். கொடுத்தேன். எத்தனை கொடுத்தேன் என்று நினைவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நிறையத்தான் கொடுத்திருக்கிறேன்.

8 அக்., சனி

வெயிலும் தூறலும் மாறி மாறி.

தா.சார் நேற்று மத்தியானமே காலேஜுக்குப் போய் ஊர்ப்பேர் அழிந்த குப்பிகளைத் தேடி எடுத்திருக்கிறார். இன்று காலை ஏழு மணிக்கு வரிசையாக ஆறு மீன். கீழே இப்படி எழுதியிருந்தார்: "ஏலம் கேட்கலாம். விலை சொல்கிறவர் பேரும் சொல்ல வேண்டும்."

ரெ. என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். ஒரு நாள் முன்னதாகவே உயிர்த்தாள்.

நான் எங்கள் ஊர்த் திருவிழா சப்பரத்தைப் பார்த்திருக்கிறேன். குமரி முனையில் பௌர்ணமிக்குக் கூடுகிற சனத்தைப் பார்த்திருக்கிறேன். இதைப் போலப் பார்த்ததில்லை. முதல் மீனுக்குக் குளச்சலிலிருந்து 180. கண்ணை மூடித் திறப்பதற்குள் ராமேஸ்வரம், தூத்துக்குடி, கடலூர். மன்னார்த் தங்கச்சி அவர்கள் ஊர்ப் பணத்தில் கேட்டு எல்லோரையும் நடுங்க வைத்தாள். கப்பல் சமையல்காரர் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாத கடலிலிருந்து 200. ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் ஒரு பேர். எல்லோரும் இந்த நிமிஷம் ஏதோ ஒரு கரையில் ஈரக் கையோடு நிற்கிறார்கள். எல்லா ஊர் அலையும் போனுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. என் கையில் மயிர் நட்டுக்கொண்டது. ரெ.யிடம் காட்டினேன், அவள் கையைக் காட்டினாள்.

ஒன்பது மணிக்குள் நாலு மீனுக்குப் பேர் வந்துவிட்டது. ஐந்தாவதற்கு ஊருக்கொரு பேராக மூன்று, அடி ஓயவில்லை.

ஆறாவது மீன். சாண் நீளம், தட்டை, வாய் மேல் பார்த்து. யாரும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நான் பெரிதாக்கிப் பார்த்தேன், சூசை பார்த்தார், கரையில் இருந்த கிழவர்கள் எல்லோரும் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இத்தனை கரை, இத்தனை கண், ஒரு விலை வரவில்லை. பூ வரவில்லை, காக்கை வரவில்லை. யாரும் சொல்லாமலே 256 பேரும் வாய் மூடி நின்றோம். கடலில் இன்னும் எங்களுக்குத் தெரியாதது இருக்கிறது என்று எங்களுக்கு முன்னாலேயே கிடத்தி வைத்த மாதிரி. பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

பத்தரைக்குத் தா.சார் எழுதினார். "ஆறாவது மீனுக்குக் கிடைத்த பதில்தான் இன்று எனக்குப் பெரிய பதில். அனைவருக்கும் நன்றி." யாரும் பதில் சொல்லவில்லையே என்றாள் ரெ. அதைத்தான் சொல்கிறார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான்.

9 அக்., ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டுக்கு ஓட்டு. பழையவர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். வைக்கலாம், நீக்கலாம், வைக்கலாம். சூசை சத்தமாக வாசிக்க, எங்கள் வீட்டு நடையில் ஒன்பது பெண்கள். இடையில் மூன்று நீக்கலாம் தொடர்ந்து வந்தபோது ரெ. என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், இன்னும் வீங்கி இருக்கிறது. முடிவில்: வைக்கலாம் இருபத்துநாலு. நீக்கலாம் பன்னிரண்டு. வாய் திறக்காதவர்கள் ஏழு. கூச்சல் போடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். முதலில் போட்டது நான்.

பன்னிரண்டரைக்கு ராகவன் எழுதினார். "நன்றாக இருங்கள். எனக்கு இவ்வளவு சத்தத்தில் மீனைப் பார்க்க வராது." வெளியேறினார். பின்னாலேயே நாலு பேர்.

இது நான் நினைக்காதது. தனியாக அவருக்கு எழுதினேன். "ஸாரே, அந்த செதில் படத்த இன்னும் வச்சிருக்கேன். கோவம் தீந்தா வாங்க, சத்தம் கொறைக்கப் பாக்கேன்." பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

மத்தியானம் தா.சாரிடம் போனில் சொன்னேன், எங்களால் உங்கள் கூட்டாளிகள் போய்விட்டார்கள் என்று. அவர் ஆமாம் என்றார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மீனை ஏழு நாள் உட்கார்ந்து பார்க்கிற அந்தச் சுகம் இனி வராது அம்மா என்றார். வருத்தம்தான் என்றார். பிறகு அதே மூச்சில், குருட்டுக் கலவா மறுபடி வந்தால் ஐஸில் போட்டு வையுங்கள், பஸ் ஏறி வருகிறேன் என்றார். வாங்க ஸாரே, பாத்துட்டுத் திரும்பிப் போற வர யாரும் ஒங்களுக்கு மீனு ஊட்டிவிட மாட்டோம் என்றேன். சிரித்தார்.

காலியான ஐந்து இடத்தில் முதலாவது அந்த ஆராய்ச்சி மாணவிக்கு. மற்ற நாலும் இருபது நிமிஷத்தில் தீர்ந்தன.

சட்டம் புதுசு. பூப்படம் காலை ஏழு மணி வரை மட்டும். லத்தீன் பேரோடு ஊர்ப்பேரும் உண்டு. குரல் அனுப்பலாம், காக்கை இல்லாமல். ஒழுங்கு பார்க்க அவருக்கு ஒத்தாசையாக இரண்டு பேர், நானும் ரெ.யும். ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். அடம்பிடிக்கிறவர்களை இரண்டு தடவை எச்சரித்து மூன்றாவது தடவை நீக்க வேண்டும். நாலாம் கிளாஸ் பிரகாசி அட்மின். ஜெனிக்குச் சொன்னேன். நம்பவில்லை, ரெ.யிடம் கேட்டு உறுதி செய்தாள்.

10 அக்., திங்கள்

மழை விட்டுவிட்டு. நெத்திலி, கொஞ்சம் விளைமீன். சந்தை மந்தம்.

துபாய் தாமஸ் என்பவர் குரூப்பில் சேலை விளம்பரம் போடுகிறார். ஆறரைக்கு முதல் எச்சரிக்கை. எட்டுக்கு இரண்டாவது. 9.20க்கு மறுபடி சேலை. நீக்க முடிவு செய்தேன்.

பட்டியலைத் திறந்தேன். தாமஸ், தாணு சார், பக்கத்தில் பக்கத்தில். கை ஈரம். பெருவிரலில் விளைமீன் செதில். அழுத்தினேன். நீக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன்.

நீங்கள் தாணு சாரை நீக்கினீர்கள் என்று வந்தது.

கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவரைத் திரும்பச் சேர்க்கப் போனேன். குரூப் நிறைந்துவிட்டது என்று வந்தது. ரெ. பக்கம் திரும்பினேன். ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, தன் நாத்தனார் ஸ்டெல்லாவைச் சேர்த்தாளாம். ஒரு மாசமாகக் கேட்கிறாளாம். இப்போது அவளை எடுத்தால் குடும்பத்தில் பிரச்சினை ஆகும் என்றாள்.

தாமஸ் இருக்கிறார்.

9.26. போன் அடிக்கிறது. தா.சார். எடுக்காமல் சருவத்தைக் கழுவப் போகிறேன்.